ஒரே உலை, ஒரே கல்லறை: புதிதாய் வருகிறவரும் நம் சபைகளும்



யாருடைய நினைவுக்காக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பையனோ பெண்ணோ வந்தால், பெயரைக் கேட்பதற்கு முன் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார். "எங்க சாப்பிட்ட? யார் போட்டா?" என்பார். யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்பதில்தான் சாதி இருக்கிறது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அவர் கேட்ட கேள்வியை நான் பிறந்து வளர்ந்த இடமான திருச்சபையை நோக்கிக் கேட்கவே இன்று வந்திருக்கிறேன்.

என் ஊர் செம்பரம்பாக்கம். சென்னையில் இருப்பவர்களுக்கு அது குடிதண்ணீர் தரும் ஏரி. 2015 டிசம்பருக்குப் பிறகு அது ஒரு பயம். எங்களுக்கு அது கழனி வேலை, மீன், கோரை. என் அப்பா அங்கே சேரிச் சபையின் உபதேசியார். சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்காத மனிதர்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சபை என்றால் எனக்கு முதலில் அதுதான்.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. அதன் பின்னால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள். கழனி இருந்த இடத்தில் பத்துக்குப் பத்து அறைகள் லைன் வீடுகளாக எழுந்தன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் அவற்றில் குடிவந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு.

அப்படி ஒரு பையன் எங்கள் சபைக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். செருப்பு கழற்றும் இடத்தை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்காருவான். தமிழ் தெரியாது. பாடல் ராகம் தெரிந்திருந்தால் வாய்க்குள் முனகுவான். எட்டு மாதம் வந்தான். காணிக்கைப் பையை அவனிடமும் நீட்டினோம். அவன் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு விடியற்காலை, இரவு ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் சைக்கிளில் வந்தவனை லாரி அடித்தது. கான்ட்ராக்டர், அவன் தன் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார். அறைத் தோழர்கள் நான்கு பேர் எங்கள் சபையைத் தேடி வந்து, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஓர் இடம் தரமுடியுமா என்று கேட்டார்கள்.

கமிட்டி கூடியது. பதிவேட்டில் பெயர் இல்லை. சந்தா கட்டவில்லை. முந்தைய சபையின் மாற்றல் கடிதம் இல்லை. இடம் வேறு குறைவு. "இன்னிக்கு ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு எத்தனை பேரு?" இரண்டு மணி நேரம் பேசினோம். பேசினோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். சமூகவியல் படித்தவள், மேடைகளில் சாதி ஒழிப்புப் பேசுகிறவள், விதியைப் பார்த்துச் செய்யலாம் என்று தலையாட்டினேன். சாயங்காலம் ஒருவழியாகச் சம்மதித்துச் சொல்லியனுப்பியபோது, அந்தப் பிள்ளைகள் கைக்காசைச் சேர்த்து ஆம்புலன்ஸ் பிடித்து உடலை ஊருக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

பிறகுதான் விசாரித்தோம். அவன் ஊர் கந்தமால். 2008 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகளும் கோயில்களும் எரிக்கப்பட்டபோது, பல்லாயிரம் பேர் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாணோ சாதியினர். ஒடிசாவில் பாணோ பட்டியல் சாதி. கிறிஸ்தவரானால் அந்தச் சான்றிதழ் கிடையாது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அதாவது எங்கள் சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் எந்த வழக்கைச் சுமக்கிறோமோ அதையே அவனும் சுமந்தான். நாங்கள் அவனை வடநாட்டான் என்று நினைத்திருந்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவன் நம்மாள் என்று தெரிந்தபின் என் சபையில் பலர் அழுதார்கள். அந்த அழுகையை நான் நம்பவில்லை. அவன் நம்மாளாக இல்லாமல் இருந்திருந்தால்? தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறப்பதை ஊர்த் தெருவும் செய்கிறதே.

தோழர்கள் சிலர் நினைக்கலாம்: இது கிறிஸ்தவர்களின் வீட்டுச் சண்டை, தலித் இலக்கிய மேடையில் எதற்கு? மதமே வேண்டாம் என்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் இந்த ஆலைப் பட்டையில் சேரிக்காரர்கள் தாங்களே நடத்துகிற, தங்களுக்கென்று கூரையும் பெஞ்சும் உள்ள பொது இடங்களை எண்ணிப் பாருங்கள். சில சங்க அலுவலகங்கள், சில படிப்பகங்கள், பிறகு சபைகள். அந்த இடம் யாருக்குத் திறக்கிறது என்பது நம் எல்லோருடைய விஷயம்.

எங்கள் பகுதிக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துப் பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. பிராமணர் அல்லாதவர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் அவரைக் குருவாக மதித்து, காஞ்சிபுரத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆசை. நம்பி வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. மனைவி நன்றாகவே உணவிட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டு, மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, தலைமுழுகி, மறுபடி சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் நொந்துபோனார்.

இதில் விருந்தில் குறை இல்லை. இலை போட்டார்கள், பரிமாறினார்கள். விருந்தாளி போனபின் தரையைக் கழுவினார்கள். நம் சபைகளின் வரவேற்பையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வாசலில் கைகூப்புகிறோம். "புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று கைதட்டுகிறோம். பிறகு பதிவேடு, கமிட்டி, கல்லறை என்று வரும்போது கழுவிவிடுகிறோம்.

இந்தக் கழுவுதல் நமக்கு நடந்தது. வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். 1910இல்தான் அது இடிபட்டது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் கோயிலிலும் கல்லறையிலும் சவ ஊர்வலப் பாதையிலும் பாகுபாட்டைத் தாங்கமுடியாமல் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கல்லறை மறுக்கப்படுவது என்ன என்று தெரிந்த மக்கள் நாம். அதே நாம், எங்கள் ஊரில், ஒரு பையனுக்கு ஆறடி தர இரண்டு மணி நேரம் விதி பார்த்தோம்.

நாம் சபைக்குள் வந்த வரலாற்றையும் மறக்கக்கூடாது. 1890களில் இதே செங்கல்பட்டு ஜில்லாவில் சேரி மக்கள் கூட்டம் கூட்டமாக மிஷன்களை அணுகினார்கள். திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ ஆகியோர் நிலமில்லாத பறையர்களின் நிலையை அரசின் முன் கொண்டுபோனார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தன. ஆனால் அன்றைய மிஷனரிகளுக்குள் ஒரு சந்தேகம் ஓயாமல் ஓடியது: இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, சோற்றுக்காக வருகிறார்களா? பசியும் நிலமும் மரியாதையும் ஆத்துமாவும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பது சேரிக்காரருக்குத் தெரியும். அந்தக் கேள்வியால் அவமானப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வடமாநிலத் தொழிலாளியைப் பார்த்து "உதவி கேட்கத்தான் வர்றான்" என்கிறோம். வரட்டுமே. நம் பாட்டன் எதற்கு வந்தார்?

சபை வளர்ச்சி பற்றி மாநாடு மாநாடாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த வளர்ச்சிக் கதை ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், தென் திருவிதாங்கூர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவர், சிதம்பரத்துக்குப் புனிதப் பயணம் போனார். நந்தன் ஏங்கிய அதே சிதம்பரம். அங்கிருந்து தஞ்சாவூரில் உறவினர்களிடம் போனவர், அங்கே ஒரு கோயிலில் ஆராதனை நடப்பதைக் கண்டு உள்ளே போய்க் கேட்டார். கோலாப் ஐயர் அவரை ஏற்றுக்கொண்டார். அவர் வேதமாணிக்கம் ஆனார், ஊர் திரும்பினார், தன் ஜனத்துக்குச் சொன்னார், மிஷனரி வேண்டுமென்று கேட்டார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூரின் லண்டன் மிஷன் அங்கேதான் தொடங்குகிறது.

வரலாற்றுப் புத்தகம் மிஷனரியின் பெயரில் தொடங்கும். உண்மையில் அது ஒரு சாம்பவர், தெரியாத ஊரின் கோயிலுக்குள் நுழைந்ததில் தொடங்கியது. அன்று அவரிடம் மாற்றல் கடிதம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் கடைசி பெஞ்சில் எந்த வேதமாணிக்கம் உட்கார்ந்திருந்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

தலைகளை எண்ணுவதை வளர்ச்சி என்று நான் சொல்லவில்லை. சோறு கொடுத்துப் பெயர் மாற்றுவதும் ஊழியம் அல்ல. 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு விஷமாகி மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். தூர மாவட்டங்களிலிருந்து வந்த பெண் பிள்ளைகள். நாங்கள் அந்த வாரம் கேரல்ஸ் ஒத்திகையில் இருந்தோம். சத்திரத்தில் இடமில்லாத கர்ப்பிணியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு ஃபிளாஸ்க் டீ எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ரோடுதான் எங்கள் ஊழியக் களமாக இருந்தது.

மதுரை இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், 2005இல் மறைந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். அவர் விடாமல் பேசியது 'ஒரு ஒலை'. ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேகவேண்டும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரே பானையில் வெந்தபின் எந்தப் பருக்கை யாருடையது என்று பிரிக்கமுடியாது. கழுவிவிடும் வீட்டுக்கு அவர் சொன்ன பதில் அது.

அந்தப் பையன் போனபின் எங்கள் சபையில் சண்டை போட்டுச் சில காரியங்களைத் தொடங்கினோம். பெரிய சாதனை இல்லை. சபைகளில் வேலை செய்யும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

"எந்த ஊர், எந்தத் தெரு?" என்று புதியவரிடம் கேட்பதை நிறுத்தினோம். நம் நாட்டில் அது சாதி கேட்கும் கேள்வி. பெயரையும், எந்த ஷிப்ட் என்பதையும் கேட்கிறோம். ஷிப்ட் தெரிந்தால்தான் ஆராதனை நேரத்தை மாற்றமுடியும். காலை எட்டரை மணி என்பது கழனி வேலைக் காலத்தில் வைத்த நேரம்.

இந்திக்கும் ஒடியாவுக்கும் தனி ஆராதனை வைக்கலாம் என்றார்கள். நான் எதிர்த்தேன். மொழியின் பெயரால் இன்னொரு வடக்கன்குளம் வேண்டாம். அதே ஆராதனையில் ஒரு வேதபாடம், ஒரு பாட்டு அவர்கள் மொழியில். முதலில் நம் பெரியவர்கள் நெளிந்தார்கள். இப்போது பாட்டிகள் ஒடியா பல்லவி பாடுகிறார்கள், உச்சரிப்பு எப்படியோ.

மாதம் ஒரு ஞாயிறு ஒரே உலை. சமைப்பவர்களும் கலந்தே இருக்க வேண்டும். நாம் சமைத்து அவர்கள் வரிசையில் நின்றால் அது அன்னதானம். மூன்று மாதம் தொடர்ந்து வந்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும். கல்லறைக்கும் சந்தாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று தீர்மானம் போட்டோம். கமிட்டியில் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவருக்கு இடம் கேட்டிருக்கிறோம். அது இன்னும் இழுபறி.

கடைசியாக, சட்டம். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், அது வேலையோடு தொடர்புடையது என்று காட்டமுடிந்தால், இ.எஸ்.ஐ. திட்டத்தில் அது பணிக் காயமாகவே கொள்ளப்படுகிறது. 2010இல் வந்த திருத்தம் அது. இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாத உதவி கிடைக்க வழி உண்டு. அந்தப் பையனின் தாய்க்கு இதைச் சொல்ல எங்களில் யாரும் இல்லை. இப்போது ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை போட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், கான்ட்ராக்டர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். தொழிற்சங்கத் தோழர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் சாமி கும்பிடாதவர்களும் உண்டு. யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை.

1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்தவர்கள் இருவர். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. அந்தப் பெயர்களைச் சேர்த்தே சொல்ல இந்த மண் பழகியிருக்கிறது. நான் கேட்கும் சபை அந்தப் பெயர்களைப் போல இருக்கவேண்டும். அதில் மூன்றாவதாக ஒரு ஒடியாப் பெயரும் சேரவேண்டும்.

அந்தப் பையனின் பெயரை இப்போது எனக்குத் தெரியும். அவன் தாயின் அனுமதி இல்லாமல் மேடையில் சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிறு நீங்கள் போகிற இடம் கோயிலோ, சங்கமோ, படிப்பகமோ, எதுவாயினும் சரி, கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். சாப்பிட்டாயா, எங்கே சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.