செஞ்சட்டை தந்த பெயர்

ஒசூர்த் தொழிற்பேட்டையில் பணி முடித்து வந்திருக்கும் உழைப்பாளத் தோழர்களே!

கிருட்டிணகிரி மலைக்கோட்டையை அறியாதார் இங்கு எவருமிலர். 1791 சூலையில் ஒசூர்க் கோட்டை கும்பினிப் படையிடம் எளிதில் சிக்கியது. திப்புவின் காவற்படை அதனை விட்டகன்றது. அவ்வாண்டு நவம்பரில் மேக்சுவெல் என்னும் படைத்தலைவர் கிருட்டிணகிரியைத் தாக்கினார். பேட்டை வீழ்ந்தது, மலைக்கோட்டை வீழவில்லை. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைதான் பாராமகாலைக் கும்பினிக்குக் கொடுத்தது. ஒசூர்ப் பகுதி, திப்பு மாண்ட 1799-இல் சேர்ந்தது.

வென்றவன் வெள்ளையன் என்பர். அவ் வெள்ளையன் யார்? பாராமகாலில் வரி தண்டிய தாமசு மன்றோ, இசுக்காட்லாந்தின் கிளாசுகோவில் பிறந்தவர். 1799-இல் சீரங்கப்பட்டண மதில்மேல் ஏறிய படையை நடத்திய பேர்டும் இசுக்காட்லாந்தியரே. அப் போரில் இருந்த வெல்லெசுலி அயர்லாந்தில் பிறந்தவர். இவர்கள் எல்லாரும் எப்போது 'பிரித்தானியர்' ஆனார்கள்?

இங்குதான் வழக்கு எழுகிறது. பிரித்தானியர் தொன்றுதொட்டே ஓரினம் என்பார் ஒரு சாரார். 1707-இல் இங்கிலாந்தும் இசுக்காட்லாந்தும் இணைந்தபின், பிரான்சோடு நிகழ்ந்த நெடும்போர்களே அவ்வுணர்வை வளர்த்தன என்பார் மறுசாரார். இலிண்டா கோலி என்னும் வரலாற்றறிஞர் 1992-இல் வெளியிட்ட நூலில் இதனையே நிறுவ முற்பட்டார். இசுக்காட்லாந்தியர் தம் தனியுணர்வை ஒருபோதும் இழந்திலர் என்று அதற்கு மறுப்பும் உண்டு.

இரண்டிலும் உண்மை உளது. 1746-இல் கல்லோடன் களத்தில் மலைநாட்டுக் குடிகள் அரசப் படையால் நசுக்கப்பட்டனர். அவர்தம் மரபுடை சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆனால் அரசனின் படைவீரனுக்கு மட்டும் விலக்கு! ஊரில் உடுத்தினால் குற்றம். படையில் உடுத்தினால் பெருமை. தந்தையரை வென்ற அரசுக்காகவே மக்கள் படை சேர்ந்தனர். 1780-இல் காஞ்சிக்கருகே பொள்ளிலூரில் ஐதர் படைமுன் வீழ்ந்தவருள் அம் மலைநாட்டாரும் இருந்தனர். அன்று சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்தில் 1784 வரை அடைபட்டவரே மேற்சொன்ன பேர்டு.

அப் படைகளில் பெருந்தொகையினர் யார்? சென்னைப் படையின் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முகமதியரும். குருதி ஒன்றாகவே சிந்திற்று. மலைநாட்டாரின் உடைத்தடை 1782-இல் நீங்கிற்று; அவர்களுக்குப் பிரித்தானியர் என்னும் பெயரும் பங்கும் கிடைத்தன. சிப்பாய்க்குக் கிடைத்தது என்ன? 1806-இல் புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை. வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தோருள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட பின்னரே அவ்வாணை மீளப்பெறப்பட்டது.

எனினும் மலைநாட்டார் பெற்ற பேற்றின் விலையையும் எண்ணுக. உடை மீண்டது, மொழி மீளவில்லை. 1901-இல் இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர் பேசிய கேலிக்கு மொழியை 2011-இல் பேசியோர் ஏறத்தாழ 57,000 பேரே. அம்மொழிக்குச் சட்டக் காப்பு 2005-இல்தான் வந்தது. 2014 வாக்கெடுப்பிலோ இசுக்காட்லாந்தியருள் நூற்றுக்கு 45 பேர் அளவில் தனிநாடு வேண்டினர். முந்நூறாண்டு ஒன்றியமும் செஞ்சட்டையும் அவ்வுணர்வை முற்றும் கரைக்கவில்லை.

தோழர்களே! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லையூர் இது. ஆலை தரும் சீருடை மாலையில் கழன்றுவிடும். வீட்டில் குழந்தையோடு பேசும் மொழி கழன்றால், அதை மீட்கச் சட்டம் ஒன்றே போதாது. கோட்டையைக் காத்தவன் உடன்படிக்கையில் இழந்தான். மொழியை வீட்டுக்குள்ளேயே இழந்துவிடாதீர்!