பின்பாட்டுக்காரர்கள் முன்னால் வரட்டும்

(தெள்ளாரில் இளைஞர் பாடகர் குழு ஒன்றின் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெள்ளாருக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே நடந்த போரில் பாண்டியனை வென்றதால் மூன்றாம் நந்திவர்மனுக்குத் 'தெள்ளாறெறிந்த' என்று பட்டமே கிடைத்தது. அவன் புகழ் பாட நந்திக்கலம்பகம் இருக்கிறது. அதே ஊரில் இன்று நீங்கள் பதினைந்து பேர் கூடி உட்கார்ந்து பாட்டுப் பழகுகிறீர்கள். உங்களைப் பாட எந்தக் கலம்பகமும் இல்லை. உங்கள் பாட்டை நீங்களேதான் பாடிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆசையோடு வந்தேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் ஒரு பொது விழாவுக்கு இந்தக் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'அம்பேத்கர் பாட்டு மட்டும் வேண்டாம், பொதுவா ஏதாவது பாடுங்க. அப்படியே விருந்தாளிங்க வரும்போது வாசல்ல பறை அடிச்சிடுங்க' என்று சொன்னார்களாம். "போகலாமா அக்கா, வேணாமா?" என்றார். என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் 'பொது' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை, பொதுச்சுடுகாடு என்று எத்தனையோ 'பொது'க்கள் நமக்குப் போராடித்தான் கிடைத்தன. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீர் அள்ளியது அந்தப் பொதுவை உண்மையாக்கத்தான். அதனால் யாராவது 'பொதுவா பாடுங்க' என்றால், அந்தப் பொதுவுக்குள் நாம் இருக்கிறோமா என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சாமி பாட்டு பொது, தேசபக்திப் பாட்டு பொது, சாதி ஒழியட்டும் என்ற பாட்டு மட்டும் ஒரு சாதிக்காரன் பாட்டு என்றால் அந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

போட்டிகளும் அப்படித்தான். பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் சாஸ்திரிய சங்கீதம் ஒரு பிரிவு, மெல்லிசை ஒரு பிரிவு, குழுப்பாடலில் இந்தியப் பாடல் தனி, மேற்கத்தியப் பாடல் தனி. நாட்டுப்புறக் கருவிகளுக்கு இன்னொரு பிரிவு. குழுப்பாடலுக்கு ஆறு பேருக்கு மேல் மேடையேறக் கூடாது. சாவு வீட்டில், நடவு வயலில், திருவிழாவில் எத்தனை பேர் சேர்ந்தாலும் தாங்குகிற பாட்டை ஆறு பேருக்குள் அடக்கச் சொல்கிறது அந்த விதி. நடுவர் நாற்காலியில் உட்காருபவர் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் படித்தவர். அவர் காதுக்குச் சுருதி என்றால் ஒன்று, நம் அத்தை காதுக்குச் சுருதி என்றால் வேறொன்று. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுத்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் மேடை கிடைத்ததோடு அளவுகோலும் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

சேர்ந்து பாடினால் சமத்துவம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. சேர்ந்து பாடுவதையே வழிபாடாக வைத்திருக்கும் தமிழ்நாட்டுத் தேவாலயங்களைப் பாருங்கள். தஞ்சையின் வேதநாயகம் சாஸ்திரியார் அருமையான கீர்த்தனைகள் எழுதியவர். 1820களின் கடைசியில், தேவாலயத்தில் சாதியினரைக் கலந்து உட்கார வைத்த புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். கீர்த்தனையைத் தடுத்ததும், சாதியைக் கலந்ததும் அவருக்கு ஒரே பட்டியலில் வருகிற குற்றங்கள். வடக்கன்குளத்தில் இரண்டு சாதிகள் இரண்டு பக்கம் நிற்க, கால்சட்டை வடிவத்தில் ஒரு தேவாலயமே கட்டினார்கள். உள்ளே இருந்த சுவர் 1910இல்தான் இடிந்தது. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். நின்ற இடம்தான் வேறு.

அதே திருச்சபைக்குள்ளிருந்துதான் 'பரட்டை அண்ணன்' வந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. சீவி முடிக்காத தலை என்பதையே பெயராக வைத்துக்கொண்டவர். கிராமிய இசையில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். கர்நாடக இசைக்குப் பயிற்சி பெற்ற குரு வேண்டும், மேற்கத்திய இசைக்கு எழுதிய இசைக்குறிப்பும் ஆர்கனும் வேண்டும். கிராமத்துப் பாட்டுக்கு ஒருவர் எடுத்துக் கொடுத்தால் போதும், படிக்காத ஆயாவும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார், பிடிக்காவிட்டால் வரியை மாற்றியும் பாடுவார். மாற்றுகிற அந்த உரிமைதான் அவருக்கு முக்கியம். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதை அவர் வழிபாட்டோடு சேர்த்துப் பேசினார். பாட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு சாதியை அறிந்தவர்களுக்குத்தான் புரியும்.

அடுத்து கே.ஏ. குணசேகரன். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்தக் கொடுமையின் கோபத்தில் இன்குலாப் 'மனுசங்கடா' எழுதினார். அதற்கு மெட்டும் குரலும் கொடுத்தவர் குணசேகரன். தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். இலக்கியத்தில் எழுதப்பட்ட ஒரு கவிதை, கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாக மாறியது அப்படித்தான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்தது. கானாவும் ராப்பும் சேர்ந்து இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடின. 'பொதுவா பாடுங்க' என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட இருந்திருக்காது.

இப்போது பறைக்கு வருகிறேன். நம் தாத்தாக்களில் சிலர் பறையைத் தூக்கி எறிந்தார்கள். சாவுக்கும் தண்டோராவுக்கும் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்தால் எறியத்தான் வேண்டும். அது மானமுள்ள முடிவு. பிறகு வந்தவர்கள் பறையை எடுத்தார்கள். அதுவும் மானமுள்ள முடிவு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோது, பெண் தொடக்கூடாத கருவி என்ற கட்டும் சேர்ந்து அறுந்தது. இரண்டு முடிவுக்கும் அளவுகோல் ஒன்றே: யார் தீர்மானித்தது? நாம் தீர்மானித்து அடித்தால் கலை. அவர்கள் சொல்லி வாசலில் அடித்தால் பழைய வெட்டி வேலைதான், பேனர் மட்டும் புதுசு.

ஆகவே தங்கைக்கு என் பதில்: போங்கள். ஆனால் நான்கு விஷயங்களைப் பேசிவிட்டுப் போங்கள். அழைப்பிதழில் குழுவின் பெயர் இருக்க வேண்டும். பறை மேடையில் ஒலிக்க வேண்டும், வாசலில் இல்லை. மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம் உங்களுக்கும் வேண்டும், சால்வையோடு முடிக்கக் கூடாது. என்ன பாடுவது என்பதைக் குழு முடிவு செய்யும். இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த மாலையில் காலனித் தெருவில் பாடுங்கள். கேட்க ஆள் வருவார்கள்.

நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் குழுவில் இருளர் குடியிருப்பிலிருந்து யாராவது இருக்கிறார்களா? அருந்ததியர் வீட்டுப் பிள்ளை இருக்கிறதா? பெண்கள் எப்போதும் கோரஸில்தான் நிற்கிறார்களா? ஒத்திகை முடிந்து இருட்டிவிட்டால் அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய்விட யார் பொறுப்பு? நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் பின்னால் நின்று, முன்னால் ஆடுபவர் விட்ட வரியை எடுத்துத் தூக்கிக் கொடுப்பார். இரவு முழுக்கக் கூத்தைத் தாங்குவது அந்தக் குரல். பெயர் யாருக்கும் தெரியாது. நமக்கும் பின்னால் அப்படி நிற்பவர்களைக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் ஊரைக் கேள்வி கேட்டால் நம் குரலுக்கு வலு இருக்காது.

போட்டியில் பரிசு வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அன்றைக்கு ராத்திரி யாரும் சோர்ந்து படுக்க வேண்டாம். நீங்கள் பாடியதைக் கேட்டு ஒரு பிள்ளை அடுத்த ஒத்திகைக்கு வந்து ஓரமாக நிற்கும். அந்தப் பிள்ளைக்குப் பாயில் கொஞ்சம் இடம் விடுங்கள்.