வேட்டைக் காலத்தில் காட்டுப் பாதை



செப்டம்பர் மாதம் பிரான்சில் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். பெப்ரவரி முடியும்வரை காட்டுப்பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அதே இலையுதிர் காலத்தில்தான் நாமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செஸ்நட் பொறுக்கவும் காளான் தேடவும் போகிறோம். வேட்டைக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை, நமக்கும் ஞாயிற்றுக்கிழமை.

2022 பெப்ரவரியில் அவேரோன் மாவட்டத்தில் நடைபயணம் போன 25 வயதுப் பெண் ஒருவர், காட்டுப்பன்றி வேட்டையில் பாய்ந்த தோட்டாவுக்குப் பலியானார். சுட்டவருக்கு வயது 17. ரைஃபிள் தோட்டா குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரை எடுக்கும். அவ்வளவு தூரத்தில் நிற்கும் உங்களைச் சுடுபவர் பார்த்திருக்கவே மாட்டார்.

பன்றி வேட்டை பெரும்பாலும் கூட்டு வேட்டை. சிலர் நாய்களோடு புதரைக் கலைப்பார்கள். மற்றவர்கள் வரிசையாகத் துப்பாக்கியோடு காத்து நிற்பார்கள். இப்படி வேட்டையாடுவோர் பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி அணிய வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பது சட்டம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகையைக் கண்டால், வேட்டை நடக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். பாதையோரம் ஆரஞ்சு மேலங்கியோடு ஒருவர் அசையாமல் நின்றால், தூரத்திலிருந்தே 'போன்ஜூர்' என்று உரக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று அவரையே கேளுங்கள்.

பழுப்பு ஜாக்கெட் போட்டு, புதருக்குள் குனிந்து காளான் பறிப்பவரை எண்ணிப் பாருங்கள். பன்றிக்காகப் பரபரப்போடு காத்திருக்கும் கண்ணுக்கு அங்கே தெரிவது அசையும் ஒரு பழுப்பு முதுகு மட்டுமே. ஆகவே வேட்டை நாளில் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். பிரான்சில் எல்லாக் கார்களிலும் பாதுகாப்பு மேலங்கி இருந்தாக வேண்டும். அதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கிப் போடுங்கள். நாயைக் கயிற்றிலேயே பிடித்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையாவது துப்பாக்கி இல்லாத நாளாக வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் செனட் சபைக்கு மனு அளித்தார்கள். 2023 ஜனவரியில் அரசு அதை ஏற்க மறுத்துவிட்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதே என் எண்ணம். நடப்பவரின் உயிருக்குத் துப்பாக்கி பிடித்தவர்தான் பொறுப்பு. ஆனால் சட்டம் மாறும்வரை நம் பிள்ளைகளை நாம்தான் காக்க வேண்டும்.

புறப்படும் முன், போகிற ஊரின் மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், வேட்டை நாள்களை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112.