வளரச் சொல்லும் சமிக்ஞை வழிகாட்டியான வரலாறு

வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைப் பழக்கடையிலோ நன்றாகக் கனிந்த கதலிக் குலையைச் சுற்றி மொய்க்கிற அந்தச் சின்னஞ்சிறு இலையானைத்தான் உயிரியல் பாடநூல் பழ ஈ என்கிறது. அதன் மூளையில் ஏறத்தாழ 139,000 நரம்புக்கலங்கள் இருக்கின்றன. அவற்றிடையே 50 மில்லியனுக்கு மேற்பட்ட இணைப்புகள். பரம்பரையலகுகளோ ஏறத்தாழ 14,000 மாத்திரம். இவ்வளவு குறைந்த பரம்பரையலகுகளைக் கொண்டு இத்தனை இணைப்புகள் எப்படிப் பின்னப்படுகின்றன? ஒவ்வொரு நரம்புக்கலமும் தன் துணையைக் கண்டுபிடிக்கத் தனித்தனி இரசாயன அடையாளம் வைத்திருக்கிறது என்று 1963இல் நரம்பியலாளர் றோஜர் ஸ்பெரி முன்வைத்த கருத்து நெடுங்காலம் ஆட்சி செய்தது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதிக் கதைதான் என்பது என் வாதம். உடலை வளர்க்கிற சமிக்ஞைகளைக் கலத்தில் பிடித்துக்கொள்ளும் அதே வாங்கிகளை இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தித்தான் ஈ தன் மூளையின் பெரும் பகுதியைப் பின்னிக்கொள்கிறது.

வளர்ச்சிக் காரணிகளின் வரலாறே நரம்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில், எலியின் கட்டியொன்றைக் கோழிக் கருவில் ஒட்டியபோது நரம்புகள் கட்டுக்கடங்காமல் அதை நோக்கி வளர்வதை றீட்டா லெவி மொந்தால்சினி கண்டார். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க அவரோடு உழைத்த ஸ்டான்லி கோகன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஏற்றிய குட்டிகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறப்பதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து போய் அவர் கண்டுபிடித்ததுதான் மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரணியைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி கலமென்சவ்வில் குறுக்காக நிற்கும் ஒரு புரதம். வெளியே சமிக்ஞை வந்து ஒட்டினால் உள்ளே வேலை தொடங்கும். மனிதருக்கு இருக்கும் இதே வாங்கி ஈக்கும் இருக்கிறது என்பதை 1985இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்தில் பென்னி ஷிலோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

இதற்கிடையில் ஈக்களின் நடத்தையைப் பரம்பரையலகுகளால் விளக்கப் புறப்பட்ட ஒரு கூட்டம் கலிபோர்னியாவில் சீமோர் பென்சரைச் சூழ்ந்து உருவாகியிருந்தது. பம்பாயில் 1962இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திக்கியும் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். நம் பிராந்தியத்தில் ஈயின் நரம்பியல் வேரூன்றியது அவரால்தான். புற ஊதாக் கதிரை நாடிப் போகாத விகாரி ஈக்களை 1970களில் பென்சரின் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்தார்கள். அவற்றின் கூட்டுக்கண்ணில் ஒவ்வோர் அலகிலும் இருக்க வேண்டிய 8 ஒளியுணர் கலங்களில் ஏழாவது இல்லை. ஆகவே அந்தக் குறைக்குக் காரணமான பரம்பரையலகுக்கு ‘செவன்லெஸ்’ (ஏழற்றது) என்று பெயர். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துப் போன உத்பல் பானர்ஜி பென்சரோடு சேர்ந்தும், ஜெரால்ட் றூபினின் குழு தனியாகவும், 1987இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஆக்கும் புரதம் வளர்ச்சிக் காரணி வாங்கிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றாகவே இருந்தது. ஆனால் இங்கே அது கலத்தைப் பெருக்கவில்லை. நீ நரம்பாகு என்று தீர்மானித்துக் கொடுத்தது. அந்தச் சமிக்ஞை இல்லாவிட்டால் அதே கலம் வில்லையை ஆக்கும் கலமாகிவிடுகிறது.

அடுத்த படி எனக்கு இன்னும் வியப்பானது. கண்ணிலிருந்து மூளைக்குள் வந்து சேரும் நரம்பு நார்களே, மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் ஈ வடிவமான ‘ஸ்பிட்ஸ்’ஸைத் தம்மோடு கொண்டுவந்து, தம்மை வரவேற்க வேண்டிய நரம்புக்கலங்களை அங்கேயே உருவாக்கிக்கொள்கின்றன என்று 1998இல் குவாங்கும் ஷிலோவும் கியூன்ஸும் காட்டினார்கள். நார் முன்கூட்டியே கட்டிவைத்த முகவரிக்குப் போகவில்லை. போகிற இடத்தில் முகவரியை ஆக்குகிறது. மணமறியும் மூளைப் பகுதியிலும் இதை ஒத்த ஓர் ஒழுங்கு உண்டு. சித்திக்கியின் மாணவி வெரோனிக்கா ரொட்ரிகஸின் குழு 2002இல் கண்டபடி, முதலில் வந்து சேரும் ஒரு வகை நார்கள் இல்லாவிட்டால் பின்னால் வருபவை ஒழுங்கான முடிச்சுகளை அமைக்கத் தவறுகின்றன.

இங்கே நியாயமான மறுப்பொன்று எழும். வளர்ச்சி வாங்கி கெட்டால் கலம் நலிந்துபோகும். இணைப்புக் கோளாறு அந்த நலிவின் பக்கவிளைவுதானே? இந்தக் கேள்விக்கு 2003இல் லெஸ்லி பிக் குழு நேரடியாக விடை சொன்னது. உடலை வளர்க்கும் இன்னொரு வாங்கியான இன்சுலின் வாங்கி இல்லாத ஒளியுணர் கலங்கள் முறையாகவே உருவாகின்றன. அவற்றின் நார்கள் மட்டும் வழி தவறுகின்றன. இன்சுலின் சமிக்ஞையை உடல் வளர்ச்சிக்குக் கடத்தும் ‘சிக்கோ’ என்ற புரதம் இந்த வழிகாட்டலுக்குத் தேவைப்படவே இல்லை. ‘டொக்’ என்ற வேறொரு புரதம்தான் தேவைப்பட்டது. சிக்கோ கெட்ட ஈ உருவில் குறுகிப்போகிறது, அதன் கண் நார்களோ ஒழுங்காகச் சேர்கின்றன. வாசலில் ஒரே வாங்கி, உள்ளே இரண்டு பாதைகள். பக்கவிளைவு என்ற விளக்கம் இதற்குமேல் நிற்காது.

இன்னொரு மறுப்பு ஸ்பெரியின் பக்கத்திலிருந்து வரும். ‘டிஸ்காம்’ என்ற ஒரே பரம்பரையலகால் 38,016 வகைப் புரதங்களை ஆக்க முடியும் என்று 2000இல் தெரியவந்தது. அடையாளங்களுக்குப் பஞ்சமில்லையே, பிறகு வளர்ச்சி வாங்கிகள் எதற்கு? பின்வந்த ஆய்வுகளின்படி டிஸ்காமின் முக்கிய வேலை, ஒரு கலத்தின் கிளைகள் தம்மைத் தாமே அடையாளம் கண்டு ஒன்றையொன்று விலக்குவது. துணையைத் தேடுவதற்கு அது முகவரிப் பட்டியல் அல்ல.

எத்தனை கிளை நிலைக்க வேண்டும் என்பதில் வளர்ச்சி வாங்கி எப்படித் தலையிடுகிறது என்பதை 2014இல் பாசம் ஹசனின் குழு, வளர்ந்துகொண்டிருக்கும் உயிருள்ள மூளையிலேயே படம்பிடித்தது. நார்கள் முதலில் மிகுதியாகக் கிளைவிட்டு, பின் தேவையற்றவற்றைக் கழிக்கின்றன. மேற்றோல் வளர்ச்சிக் காரணி வாங்கி எல்லாக் கிளைகளிலும் சமமாக இருப்பதில்லை. அதை நீக்கினாலும் கிளைகள் மிகுகின்றன, அதன் செயலைக் கூட்டினாலும் மிகுகின்றன! வளர்ச்சியைத் தூண்டுவது மட்டுமே அதன் வேலை என்றால் இரண்டு சோதனைக்கும் எதிரெதிர் விளைவு வந்திருக்க வேண்டும். இங்கே வேலை செய்வது அளவு அல்ல, கிளைக்குக் கிளை உள்ள வித்தியாசம்.

வித்தியாசம் தற்செயலாகவும் எழலாம் என்றால் ஒரே பரம்பரை ஈக்களும் ஒரே மாதிரிப் பின்னப்படக் கூடாது. ஹசன் குழு படம்பிடித்த அதே வகை நரம்புக்கலங்களில் 2020இல் அதுவே தெரிந்தது. இடமும் வலமும் இணைப்பு எவ்வளவு சமச்சீரற்றிருந்ததோ, அந்த ஈ கறுப்புப் பட்டையை நோக்கி அவ்வளவு நேராக நடந்தது. இந்தப் பழக்கம் சந்ததிக்குக் கடத்தப்படவில்லை. இந்த வித்தியாசங்கள் எழுவதில் ‘நொட்ச்’ என்ற வேறொரு வாங்கிக்கும் பெரும் பங்கு உண்டு. எல்லாப் பெருமையையும் வளர்ச்சி வாங்கிக்குக் கொடுக்க முடியாது. 2024இல் வெளிவந்த முழு மூளை வரைபடத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். அதிலுள்ள 139,255 நரம்புக்கலங்களும் ஒரேயொரு பெண் ஈயுடையவை. எல்லா ஈக்களுக்கும் பொதுவானது எது, அந்த ஓர் ஈயின் வளர்ச்சியில் மட்டும் நேர்ந்தது எது என்பதை மற்ற மூளைகளோடு ஒப்பிட்டால்தான் பிரித்தறியலாம்.