சார்ட்ல எழுதுற நம்பர்: கிளினிக்கல் போஸ்டிங்ல கூட இருக்கிறவங்க பொறுப்பில்லாம நடந்தா?

இந்த எபிசோடுக்கு ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்தான் காரணம். பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருஷம் படிக்கிறாங்க. பேரு, காலேஜ் எதுவும் சொல்லப் போறதில்ல. போஸ்டிங்ல அவங்ககூட வர்ற ரெண்டு பேர், நோயாளி பக்கத்துலயே போகாம டிபிஆர் சார்ட்டை நிரப்பிடுறாங்களாம். வார்டுல போன் நோண்டுறது, அட்டெண்டர்களைக் கிண்டல் பண்றது, ரீல்ஸ் எடுக்கிறதும் நடக்குது. "மேடம்கிட்ட சொன்னா ஹாஸ்டல்ல யாரும் என்னை சேத்துக்க மாட்டாங்க. சொல்லாம இருந்தா மனசு கேக்கல. என்ன பண்றது?" இதுதான் கேள்வி.

நான் சாஃப்ட்வேர் ஆள். அதனால ஸ்டாஃப் நர்ஸா வேலை பாக்குற ரெண்டு பேர்கிட்ட பேசிட்டுதான் மைக் முன்னாடி உக்காந்திருக்கேன்.

முதல்ல, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. லேட்டா வர்றது, கேர் பிளானைக் காப்பி அடிக்கிறது, வார்டுல சத்தமா சிரிக்கிறது, இதெல்லாம் எரிச்சல். காப்பி அடிக்க உங்க நோட்டைக் கேட்டா "என்னோடது தர முடியாது, எப்படி எழுதுறதுன்னு சொல்லித் தரேன்" அப்படின்னு முடிச்சுக்கலாம். மத்ததை அவங்க பாடுன்னு விட்டுடலாம். நோயாளியோட உடம்பையோ அந்தரங்கத்தையோ தொடுற விஷயம் வேற. அதுல விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையே கிடையாது, ஏன்னா பாதிப்பு நமக்கு இல்ல.

பாக்காமலே எழுதுறது ஏன் அவ்வளவு பெருசு? டிபிஆர்னா வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம். இதுல அதிகமா ஏமாத்தப்படுறது சுவாசம். ஒரு முழு நிமிஷம் நின்னு நெஞ்சு ஏறி இறங்குறதை எண்ணணும். யாருக்குப் பொறுமை? வரிசையா எல்லா பெட்டுக்கும் 18, 20னு போட்டுடுறாங்க. ஆனா உடம்பு மோசமாகப் போகுதுன்னு முதல்ல காட்டுற அடையாளங்கள்ல அதுவும் ஒண்ணு. பிரிட்டன்ல 2012லிருந்து நியூஸ்னு ஒரு ஸ்கோர் முறை இருக்கு. அதுல சுவாசம் 12லிருந்து 20க்குள்ள இருந்தா பூஜ்யம். 25 ஆயிட்டா நேரா 3 மார்க். அந்த ஒரு 3 போதும், உடனே வந்து பாருங்கன்னு கூப்பிட. இங்க ஒருத்தர் சும்மா 18னு எழுதினா அந்த அலாரமே அடிக்காது.

பிரசவ வார்டை நினைச்சுப் பாருங்க. குழந்தை பெத்த அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமானா, முதல்ல நாடி ஏறும். இளவயசு உடம்பு தாக்குப்பிடிக்கும், பிபி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இறங்கும். நாடி 120 இருக்கிற இடத்துல 82னு எழுதியிருந்தா, அடுத்த ஷிப்ட் சிஸ்டர் அதை நம்பி அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. எங்க வேலையில டெஸ்டே ஓட்டாம 'பாஸ்'னு போட்டா சர்வர் விழும், திரும்ப ஏத்திடலாம். இங்க விழுறது ஆளு.

சரி, என்ன செய்யலாம்?

ஒண்ணு, நோயாளிதான் முதல்ல. சந்தேகம் வந்த உடனே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போங்க. "சிஸ்டர், 7ம் பெட்டுக்கு வைட்டல்ஸ் திரும்ப ஒரு தடவை பாக்கணும்னு தோணுது, நான் பாக்கட்டுமா?" இதுல யார் பேரும் வரல. ஆனா நோயாளிக்குச் சரியான நம்பர் கிடைச்சிடுச்சு.

ரெண்டு, அந்தத் தோழிகிட்ட தனியா பேசுங்க. ரெண்டு நர்ஸுமே சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு: பாக்காம எழுதுறவங்கள்ல சில பேருக்கு பிபி பாக்கவே சரியா வராது. முதல் வருஷத்துல கத்துக்காம விட்டது, மூணாவது வருஷத்துல கேக்க வெக்கம். "வா, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்"னு கூப்பிட்டா பாதி பேர் வந்துடுவாங்களாம்.

மூணு, அப்பவும் தொடர்ந்தா கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லுங்க. கண்ணால பாத்ததை மட்டும்: தேதி, நேரம், எந்த பெட், என்ன நடந்தது. "அவ எப்பவுமே இப்படித்தான் மேடம்" வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க.

சில விஷயங்களுக்கு இந்தப் படிகளே கிடையாது. நோயாளி தெரியிற மாதிரி வீடியோ எடுத்தா அன்னைக்கே சொல்லணும். ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை வெளியில பேசினா, 2017ல வந்த சட்டப்படி அது வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்ல, சட்ட மீறல். யாருக்காவது ஊசி குத்திட்டு, திட்டுவாங்கன்னு மறைச்சா, உடனே இழுத்துக்கிட்டுப் போங்க. தடுப்பு மருந்தை முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது. அங்க சொல்றதுதான் நட்பு.

ஹாஸ்டல் பயம் நிஜம். 'போட்டுக்கொடுக்கிறவ'ன்னு பேரு வரலாம், கொஞ்ச நாள் மெஸ்ல தனியா சாப்பிட வேண்டி வரலாம். அது வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சர்வதேச செவிலியர் கவுன்சிலோட நெறிமுறை, கூட வேலை பாக்குறவரால நோயாளிக்கு ஆபத்துன்னா தலையிடுறதை நர்ஸோட கடமையாவே வெச்சிருக்கு. நீங்க பண்றது கோள் சொல்றது இல்ல, உங்க வேலையோட ஒரு பகுதி. முடிஞ்சா தனியா போகாதீங்க. இதே மாதிரி மனசு கேக்காத இன்னொருத்தர் உங்க பேட்ச்ல கண்டிப்பா இருப்பாங்க, அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

நர்சிங் படிக்கிறவங்க, முடிச்சவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க வார்டுல இதை எப்படிச் சமாளிச்சீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா வர்றதை அடுத்த எபிசோடுல போடுறேன்.