மாடியில் பெய்த மழை



இயலும் இசையும் கேட்கக் கூடிய அவையில் சாக்கடையைப் பற்றிப் பேச எழுந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டு வாழும் நமக்கு அதுவும் குடும்பக் காரியமே.

1964இல் அமைந்த குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் விதிகளை நாம் கட்டணச் சீட்டு வரும் நாளில்தான் நினைக்கிறோம். காவிரி நீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. அதுவும் போதாமையால் 2009இல் சட்டம் திருத்தப்பெற்றது. அறுபதுக்கு நாற்பது அடி மனையில் முன்பே நின்ற வீடுகளும், முப்பதுக்கு நாற்பதில் புதிதாய் எழும் வீடுகளும் மழைநீரைச் சேமித்தல் கட்டாயமாயிற்று. பின்னர்த் தவறியோர்க்குத் தண்டமும் வந்தது.

“வீடு நமது, மாடி நமது, மழையை என்ன செய்தால் இவர்களுக்கென்ன?” என்று முறையிட்டோருள் யாமும் இருந்தோம்.

ஓர் ஐப்பசி இரவில் விடை கிடைத்தது. எம் தெருவின் பள்ளக் கோடியில் தனித்து வாழும் மூதாட்டியார் வீட்டில், குளியலறை வழியே கழிவுநீர் பொங்கிக் கூடம்வரை நிறைந்தது. அரிசி மூட்டையும், கணவர் விட்டுச்சென்ற நூல்களும் பாழாயின. மறுநாள் குழியைத் திறந்து பார்த்தால் அடைப்பு ஒன்றுமில்லை. மேட்டு வீடுகளின் மழைக்குழாய்கள் சாக்கடையோடு இணைந்திருந்தன. அவற்றுள் ஒன்று எமது. 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர் இறங்கும். வீட்டுக் கழிவுக்கென இட்ட குழாய் அதைத் தாங்குமா? மழைநீரை அதில் விடலாகாது என்பது விதி. வீடு கட்டிய நாளில், “இதுதான் சுருக்கு வழி” என்றார் கொத்தனார், யாம் தலையசைத்தோம்.

“உங்கள் வீட்டுத் தண்ணீருமா?” என்று மட்டும் கேட்டார் அம்மூதாட்டியார்.

அவ்வாரமே குழாயைத் துண்டித்து, வடிகட்டி வழியே நிலத்தடித் தொட்டிக்கும், மிகுவதைக் கூழாங்கல் இட்ட உறிஞ்சு குழிக்கும் திருப்பினோம். செலவு ஆயிற்று, பந்தல் அலங்காரத்துக்கு நாம் கொடுப்பதினும் குறைவே!

நாளைக் காலை மஞ்சள் கரைத்த ஒரு குடம் நீரை மாடியில் ஊற்றிவிட்டு, கீழே சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நீர் அங்கே ஓடுமாயின் எமக்குச் சொல்லி அனுப்புங்கள். குழாய்க்காரரை அழைத்துக்கொண்டு வருகிறோம்.