பிள்ளைத்தமிழும் பிள்ளையின் பேச்சும்



நெல்லைக் காந்திமதியம்மைக்கு அழகிய சொக்கநாத பிள்ளை பாடிய பிள்ளைத்தமிழ் ஒன்றுண்டு. செந்திலாண்டவனுக்குப் பகழிக்கூத்தர் பாடியதும் உண்டு. இவற்றைத் துதிநூல்கள் என்று கைகூப்பிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். குழந்தை வளரும் முறையை அருகிருந்து கண்ட பெரியோர் வகுத்த இலக்கியம் இது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களிற் பாடுக என்பர் பாட்டியலார். கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. பின்னர் முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்கள் தொடரும். இவற்றுள் எதிலேனும் குழந்தை தனித்திருக்கிறதா? கொட்டுக என்று சொல்ல ஒருவர் வேண்டும். வருக என்று கைநீட்ட ஒருவர் வேண்டும். நிலவை அழைப்பதற்கும் இடுப்பில் ஏந்தி நிற்க ஒருவர் வேண்டும். எதிரே ஒரு முகம் இருந்து மறுமொழி தந்தால்தான் மழலை மொழியாக மலரும்.

இன்றோ, அம்புலி இருந்த இடத்திற் கைபேசி இருக்கிறது. அதைக் காட்டினால் பருப்புச் சோறு விரைவில் இறங்குகிறது, உண்மைதான். ஆனால் அது ஓயாமற் பேசுமேயன்றி, பிள்ளை பேசும்வரை காத்திராது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாவென்றும், அதன்மேல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

"ஐயா, பேச்சுக் கொடுக்க எங்களுக்கு நேரம் ஏது?" என்று பேட்டைத் தாய்மார் கேட்கலாம். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவோர்க்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் வேலை கைக்குத்தான், நாவிற்கு அன்று. எண்ணிக் கட்டும்போது உரக்க எண்ணுங்கள். பிள்ளை "பூ" என்றால், "ஆமாம், மஞ்சள் பூ" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். பிறகு சற்றே வாளாவிருங்கள். அந்த இடைவெளியில்தான் அது தன் சொல்லைத் தேடும். (புகையிலைத் துகள் படாத தொலைவிற் பிள்ளை இருக்கட்டும்.)

இனி, இவ்வூர்ப் பக்கத்தில் வழங்கும் ஓர் ஆறுதல் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பேசவில்லையே என்று மருமகள் கலங்கினால், "குமரகுருபரரே ஐந்து வயதிற்குப் பின்தானே பேசினார்" என்பர் வீட்டுப் பெரியவர்கள். அடிகள் ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்து, ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. ஆனால் அப்பெற்றோர் வாளா இருந்தனரா? பிள்ளையைச் சுமந்துகொண்டு சந்நிதிக்கு ஓடினர். நாமும் வேண்டுதலோடு மருத்துவரிடமும் செல்லவேண்டும். ஓராண்டாகியும் மழலையொலி எழாவிடினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடினும், இரண்டாண்டாகியும் இருசொல் சேர்த்துப் பேசாவிடினும், அரசு மருத்துவமனையில் முதலிற் செவியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோயில் மணிக்குத் திரும்புகிறதே என்று அமைதியடைய வேண்டா. பேரொலி கேட்கும் செவிக்கும் மெல்லிய பேச்சொலி எட்டாமற் போவதுண்டு. செவிக்குறையை விரைவிற் கண்டால் கருவியும் பயிற்சியும் மிகுதியும் பயன்தரும். நாட்கடத்தினால் மொழி பதியும் பருவம் கைநழுவும்.

பால்வாடி என்று நாம் இன்றும் வழங்கும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழி வந்தது. சத்துணவு வாங்குமிடம் என்றே பலரும் அதனை எண்ணுகின்றனர். ஆங்கே பாட்டும் கதையும் விளையாட்டும் உண்டு. பிள்ளையை அழைத்து வரும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டதோடு நில்லாமல், "இன்று என்ன பாட்டு?" என்றும் கேளுங்கள். அது பாதிப் பாட்டைத்தான் பாடும். மீதியை மறுநாட் காலையில் அங்கன்வாடி அம்மாவிடம் கேட்டு நீங்களும் கற்றுக்கொண்டு வாருங்கள்.